கொள்ளிடத்தில் அடக்கிய மூச்சு

நீருக்கு மேலே தலை வந்ததும் வானத்தைப் பார்த்தேன். வலது பாதி இருந்தது. இடது பாதி இல்லை. மேகம் மறைத்த மாதிரியோ கண்ணில் தண்ணீர் புகுந்த மாதிரியோ இல்லை. அந்தப் பக்கம் பார்ப்பதற்கு எதுவுமே கிடையாது என்பதுபோல இருந்தது. பரிசலில் இருந்தவர்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டு கையையும் தூக்கினேன். ஒரு கைதான் எழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

பக்கவாதம் வந்தவர்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆற்றுக்குள் ஸ்கூபா கட்டிக்கொண்டு இறங்கிப் பக்கவாதத்தோடு கரையேறியவர்கள் எங்கள் அரியலூர்ப் பக்கத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நோய் வந்த வழிதான் விசித்திரமானது. வந்த பிறகு நடந்தவை உங்கள் வீட்டிலும் நடக்கக்கூடியவை. அவற்றில் ஒன்றைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. எனக்கும் என் மனைவிக்கும் அதைப் பற்றி முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் செந்துறைக்காரன். வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் ஆறேழு வருடம் முக்குளிப்பவனாக வேலை பார்த்தேன். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது, தூண்களில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. ஊருக்குத் திரும்பிய பிறகு அரியலூர் அருகே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபிட்டர் வேலை. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கி பம்புகள் மூழ்கிவிடும். அவற்றை எடுக்க ஒப்பந்தக்காரர் ஒரு ஸ்கூபா செட் வைத்திருந்தார். முதுகில் காற்று உருளை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். அதைப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

என் மனைவி மலர்க்கொடிக்கு ஒரே தம்பி, பழனிவேல். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில், மணல் வண்டிகளுக்காகக் கொள்ளிடத்துக்குள் போட்டிருந்த மண் பாதையில் நின்றுபோன தன் டிராக்டரை வெளியே கொண்டுவரப் போனான். திருமானூர்ப் பாலத்துக்குக் கீழே, கொஞ்சம் கிழக்கே. மேற்கே பெய்த மழையில் தண்ணீர் திடீரென்று ஏறியது. பாதை அரித்துக்கொண்டு போனது. டிராக்டரோடு அவன் ஒரு மணல் பள்ளத்துக்குள் இறங்கியதைக் கரையில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவன் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் போனபோது ஆறு கரையிலிருந்து கரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டித் தேடிவிட்டு ஏறியிருந்தார்கள். அவர்களின் அதிகாரி என்னிடம் நல்ல விதமாகத்தான் சொன்னார்.

"தண்ணி வடியட்டும் சார். இந்த இழுப்புல எங்க ஆளுங்களையே நான் எறக்கல. நீங்க எறங்குனா ஒங்களத் தேட இன்னொரு ஆள எறக்கணும்."

மாமியார் கரையில் மண்ணில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மலர்க்கொடி என் அருகில் வந்தாள். அழுது முடித்த முகம்.

"டிராக்டருக்கு அடியில மாட்டியிருப்பான்னு சொல்றாங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடுங்களேன். ஒங்களுக்குத்தான் தெரியுமே."

அவள் கேட்காவிட்டாலும் இறங்கியிருப்பேன். இதை அவளிடம் பல முறை சொல்லியாகிவிட்டது. அவள் ஒத்துக்கொள்வதில்லை.

சுரங்கத்திலிருந்து செட் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் இருவர் பரிசலில் ஏறினார்கள். பரிசலைக் கரையிலிருந்த மரத்தோடு கட்டி, என் இடுப்புக் கயிற்றை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கடலில் நீரோட்டம் பலமாக இருந்தாலும் அது ஓயும் நேரம் ஒன்று உண்டு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் இறங்குவோம். ஆற்றுக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது. இறங்கிய நொடியிலிருந்து அது ஒரே பக்கம் தள்ளியது. இரண்டாள் ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் போய்விட்டது. கண்ணுக்கு நேரே வைத்த என் விரலையே பார்க்க முடியவில்லை. மணல் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. கூடவே முள்ளும் வைக்கோலும் வந்தன.

பள்ளத்தின் அடியில் கை ஒரு டயரில் பட்டது. பின்பக்கத்துப் பெரிய டயர். அதைப் பிடித்து வண்டியைச் சுற்றி நகர்ந்தேன். ஒருக்களித்துக் கிடந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டேன். இருக்கையைத் தடவினேன். அதற்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். மணல். பழனிவேல் அங்கே இல்லை.

திரும்பலாம் என்று கயிற்றை இழுத்தேன். அது வண்டியின் அச்சில் எங்கோ சிக்கியிருந்தது. கத்தியால் அறுத்துக்கொண்டிருக்கும்போது பெரிதாக ஏதோ ஒன்று, வேரோடு வந்த கருவேல மரம் என்று நினைக்கிறேன், தோளில் மோதியது. வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதைத் திரும்பப் பிடிக்கக் கை வீசினேன். தண்ணீர் அதை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது. கயிறு அறுந்துவிட்டது. அடியில் நிற்பதற்கான பாரமாக இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டையைக் கழற்றிவிட்டேன். நெஞ்சில் இருந்த காற்றை இறுக்கி அடக்கிக்கொண்டு மேலே போனேன்.

அடக்கக் கூடாது. ஆழத்தில் நாம் இழுக்கும் காற்று அழுத்தப்பட்ட காற்று. மேலே ஏற ஏற அது விரியும். வாயைத் திறந்து விட்டுக்கொண்டே ஏற வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். முக்குளிக்கப் போகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. இருட்டில் காற்று போன மனிதனின் உடம்பு எந்தப் பாடத்தையும் கேட்பதில்லை.

பரிசல்காரர்கள் என்னைத் தூக்கிப் போட்டதும், என்னை ஏற்றிய வண்டி பாலத்தைக் கடந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தவை. எனக்கு அடுத்த நினைவு, விலா இடுக்கில் ஒரு குழாயோடு படுத்திருந்தது. என் அக்கா கால்மாட்டில் நின்றிருந்தாள். என் வயிற்றின் மேல் யாரோ ஒருவருடைய கை கனமாகக் கிடந்தது. எடுக்கச் சொன்னேன்.

"ஒன் கைதாண்டா அது," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நரம்பியல் மருத்துவர் நிதானமான மனிதர். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்துதான் பேசுவார்.

"மேல வரும்போது மூச்ச அடக்கிட்டீங்களா?"

"ஆமாங்க டாக்டர்."

"நுரையீரல் ஒரு எடத்துல கிழிஞ்சிருக்கு. அங்கேருந்து காத்து ரெண்டு வழியா போயிருக்கு. ஒண்ணு நெஞ்சுக்கூட்டுக்குள்ள. அதுக்குத்தான் இந்தக் குழாய். இன்னொண்ணு ரத்தத்துக்குள்ள. அந்தக் குமிழி மூளைக்குப் போயி அடச்சிருக்கு. வலது பக்க மூளை. அதனாலதான் ஒங்க இடது பக்கம்."

முதலாவதற்கு நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அதை அமுக்கிவிடுவது) என்று பெயர். இரண்டாவது ஏர் எம்பாலிசம் (ரத்தக்குழாயைக் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்வது). இதற்குச் சரியான சிகிச்சை ஹைப்பர்பேரிக் சேம்பர் (நோயாளியை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டி, குமிழியைச் சுருங்க வைக்கும் அறை). அது எங்கள் பகுதியில் எங்கேயும் கிடையாது. மருத்துவர் சென்னைக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். மூச்சு நிலையாக இல்லாத ஆளை அவ்வளவு தூரம் சாலையில் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடலாம் என்று அக்காவிடம் சொல்லி, பிராணவாயு வைத்து அங்கேயே பார்த்துக்கொண்டார். அனுப்பியிருந்தால் என் கை பிழைத்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. நான் பிழைத்திருப்பேனா என்றும் யோசிக்கவேண்டியிருக்கிறது. அதற்கு மேல் அந்த யோசனை நகர்வதில்லை.

பார்வை மெல்லத் திரும்பியது. முதலில் அறையின் கதவு இருந்த பக்கம் மட்டும் தெரிந்தது. பிறகு ஜன்னல் பக்கமும் வந்தது. சாப்பிடும்போது தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிடுவேன். அக்கா தட்டைத் திருப்பி வைத்ததும், "இப்பதான போட்ட?" என்று கேட்பேன்.

பழனிவேலைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "தேடிக்கிட்டு இருக்காங்க" என்றாள் அக்கா. மலர்க்கொடி சில நாட்கள் வருவாள், சில நாட்கள் வரமாட்டாள். வந்தால் என் காலைத் தேய்த்துவிட்டபடி கீழேயே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் உடம்பில் எப்போதும் ஊதுவத்தி வாசனை வந்தது. எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்போது என் மூளைக்கு இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கும் சக்தி இல்லை.

நெஞ்சுக் குழாயை எடுத்த பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். அக்கா காபி வாங்கப் போயிருந்தாள். மலர்க்கொடி என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"பழனி கெடச்சிட்டான்ங்க. அணைக்கரை போற வழியில நாணல்ல ஒதுங்கியிருந்தான். எல்லாம் முடிச்சிட்டோம். கருமாதிகூட ஆயிடுச்சு. ஒங்களுக்கு இந்த நெலமையில எப்புடிச் சொல்றதுன்னுதான்..."

நெஞ்சுக்குள் ஏதோ திரண்டு வந்தது. தொண்டைக்கு ஏறியது. வாய் திறந்தது. நான் சிரித்தேன்.

புன்னகை இல்லை. வயிறு குலுங்க, சத்தம் போட்டு, அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். உள்ளே நான் பழனியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று எனக்கு நானே கத்திக்கொண்டிருந்தேன். வாய் கேட்கவில்லை. நிறுத்த முயன்றால் இன்னும் கூடியது. மலர்க்கொடி என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வழி தவறி வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ வந்துவிட்டவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள்.

இதுதான் யாரும் பேசாத அந்தத் தொல்லை. மூளையில் அடிபட்ட சிலருக்கு அழுகையும் சிரிப்பும் மனதின் பிடியை விட்டுப் போய்விடுகின்றன. துக்கத்தில் சிரிப்பு வரும். ஒன்றுமே இல்லாத நேரத்தில் அழுகை வரும். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. பைத்தியம் என்பது அந்தப் பெயர் அல்ல. என் சிரிப்பைக் கேட்டு வந்த செவிலியர் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மாலையில் மலர்க்கொடியைக் கூப்பிட்டு என் முன்னாலேயே பேசினார்.

"அவரு சிரிக்கலம்மா. வாய்தான் சிரிச்சுது. மனசு ஒண்ணு நெனைக்கும், மொகம் வேற ஒண்ணு செய்யும். நடுவுல இருக்கிற கம்பி அறுந்து போயிருக்கு. அவரு மனசுக்குள்ள அழுதிருப்பாரு."

"புரியுதுங்க டாக்டர்," என்றாள் அவள். "ஆனா காதுல வுழுந்துடுச்சே."

அவர் மருந்துச் சீட்டை எடுத்தார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றைக் குறைந்த அளவில் எழுதிக்கொடுத்தார். சிரிப்பின் எண்ணிக்கையை அது குறைத்தது. உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திமிர் என்றும் நடிப்பு என்றும் நினைத்து எத்தனையோ வீடுகளில் பேச்சு நின்றிருக்கும்.

எங்கள் வீட்டிலும் பேச்சு நின்றது. செந்துறைக்குத் திரும்பிய பிறகு மலர்க்கொடி எனக்கு எல்லாம் செய்தாள். குளிப்பாட்டினாள், சட்டை மாட்டினாள், நேரத்துக்கு மாத்திரை கொடுத்தாள். தம்பியின் பெயரை மட்டும் என் முன்னால் சொல்லவில்லை. சொன்னால் நான் சிரித்துவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும் அதே பயம். அவனோடு சேர்ந்து படம் பார்த்ததை, அவன் என்னை "மாமோவ்" என்று தெருமுனையிலிருந்தே கூப்பிடுவதை, யாரோடாவது பேச வேண்டும்போல இருக்கும். வாயைத் திறக்கத் துணிவு வராது. அவள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருப்பாள்.

உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பெரம்பலூர் போனோம். செந்துறையிலிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரம்பலூருக்கு இன்னொன்று. ஏறும்போது அவள் என் இடுப்பு வேட்டியைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்குவாள். கண்டக்டர்கள் பழகிவிட்டார்கள். ஒருமுறை பஸ்ஸில் யாரோ இறந்த வீட்டுக் கூட்டம் ஏறியது. மாலை வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெரியவர் அடிக்கக் கை ஓங்கினார். மலர்க்கொடி நடுவில் புகுந்து, "ஒடம்பு சரியில்லாதவருங்க, மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டோம். வெயிலில் வெகுநேரம் நின்றோம். அன்று சிகிச்சைக்குப் போகவில்லை.

சிகிச்சை கொடுத்த பெண்மணி கண்டிப்பானவர். "அந்தக் கைய மறந்துடாதீங்க. அதுக்கு உணர்ச்சி இல்லன்னா நீங்கதான் பாத்துக்கணும்" என்பார். அவர் சொன்னது சரி. ஒருமுறை நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் கை சாய்ந்து கிடந்ததை, கருகிய வாடை வந்த பிறகுதான் கவனித்தேன். இப்படி இருப்பவர்கள் வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே குளியுங்கள். செருப்பு கழன்றுவிட்டதா என்று அடிக்கடி குனிந்து பாருங்கள். காலில் முள் இருக்கிறதா என்று படுக்கப் போகுமுன் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

நடை வந்தது. இடது கால் ஒரு அரைவட்டம் போட்டுத்தான் முன்னால் வரும். கை தோள்வரை எழும். விரல்கள் மடங்கியபடியே இருக்கும். சுரங்கத்தில் என்னைக் கருவிக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். அங்கே கூட்டம் வராது. அதுதான் எனக்கு வசதி.

பழனிக்கு வருஷத் திவசம் வந்தது. நான் வரவில்லை என்றேன்.

"வரணும்," என்றாள் மலர்க்கொடி.

"அங்க வந்து நான் எதாவது..."

"வாங்க. பாத்துக்கலாம்."

மாமியார் வீட்டுக் கூடத்தில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். அவனுக்குப் பிடித்த கறியும் முட்டையும் சமைத்து இலையில் வைத்தார்கள். உறவுக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவருகே இருந்தேன், சிரிப்பு வந்தால் எழுந்து போய்விடலாம் என்று. எழுந்து போக எனக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை மறந்துவிட்டேன்.

மாமியார் சூடம் ஏற்றினார். "எம் புள்ள ஒரு வாய் திங்கலியே" என்று குரல் உடைந்தது. என் வயிற்றில் அது கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்தேன். வாயை வலது கையால் பொத்தினேன். விரல்களைப் பிளந்துகொண்டு சத்தம் வெளியே வந்தது. கூடத்தில் அழுகை நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். மாமியாரும் சூடத் தட்டோடு என் பக்கம் திரும்பினார். இதைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தார்கள்தான். சொன்னதைக் கேட்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. அவன் பெரியப்பா ஒருவர், "என்னய்யா இது?" என்று எழுந்தார்.

மலர்க்கொடி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தாயின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அவரு அழுவுறாரு பெரியப்பா. நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவள் படையலைச் சுற்றி நீர் விட்டாள். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பெண்களின் அழுகை மறுபடி தொடங்கியது. என் சத்தமும் அதற்குள் கலந்து கிடந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் புழங்குகிறது. அவ்வளவுதான் மாற்றம். அவளுடைய துக்கம் குறைந்ததாகச் சொல்ல மாட்டேன். சில சமயம் கோபமாக, "ஆத்துல எறங்குனது ரெண்டு பேரு, ஒருத்தர்ல பாதிதான் திரும்பி வந்துது" என்பாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

மருத்துவர் இனிப் பெரிய முன்னேற்றம் இருக்காது என்று சொல்லிவிட்டார். முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவிருக்காது. எழ நினைத்தால் எழுந்திருப்பேன். இப்போது நினைப்பதற்கும் எழுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. நாளின் பெரும்பகுதி அந்த இடைவெளியில் போகிறது. மற்றவர்களுக்குப் பழனி செத்துச் சில வருடம் ஆகிவிட்டது. அவனைத் தூக்கியபோதும் எரித்தபோதும் நான் ஒன்றும் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதனால் அவன் சாவு எனக்கு முடிந்துபோன ஒன்றாக இல்லை. எந்த நாளிலும் வரக்கூடிய ஒன்றாக இருக்கிறது.

போன வாரம் கிடங்கில் போல்ட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் எதுவும் இல்லாமல் அழுகை வந்தது. கண்ணீர் சட்டையில் சொட்டியது. இது அவனுக்கான அழுகையா, இல்லை அறுந்த கம்பியின் வேலையா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தெரியவில்லை. துடைக்காமல் அது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.